பலகை லாத்தா

பெண் பார்க்க வந்த அன்று நெய்னா முகம்மது தலையிலிருந்த தொப்பியைக் கழற்றவே இல்லை. டன்லப் ஸ்திரீட் கடைமாடியில் காற்றாடி பழுது. மதிய வெயிலில் ஓடு கொதித்தது, கையில் கொடுத்த தேநீரும் கொதித்தது. மனிதர் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கில் நின்று பார்த்த ஹலீமாவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது.

“காக்கா, மாப்பிள்ளைக்கு வழுக்கை” என்று அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

அண்ணன் அப்துல் கஃபாருக்கு அந்தத் தெருவில் மசாலாச் சாமான்களின் மொத்தக் கடை. வாப்பாவும் உம்மாவும் ஊரோடு இருந்துவிட்டதால் சிங்கப்பூரில் ஹலீமாவுக்கு எல்லாம் அவர்தான். நல்ல மனிதர். நல்லது செய்வார், செய்ததை நாலு பேரிடம் சொல்லவும் செய்வார். சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“முடி போனா என்னலா? எத்தீம் பையன். தாய் இல்ல, தகப்பன் இல்ல, விடுதியில வளர்ந்தவன். உன்னைக் கட்டிக் கொடுத்தா நமக்கு எவ்வளவு நன்மை தெரியுமா?”

எத்தீம் என்றால் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை. நெய்னாவுக்கு அப்போது முப்பதை நெருங்கிய வயது, தொலைபேசி இலாகாவில் நிரந்தர வேலை. ஆனாலும் கஃபாருக்கு அவர் எத்தீம் பையன்தான். எழுபத்து மூன்றில் நடந்த கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி போய் அதைச் சொன்னார். மாப்பிள்ளையின் காதில் விழுகிற தூரத்தில் நின்றும் சொன்னார்.

அன்று மாப்பிள்ளை பிரியாணியைத் தொடவில்லை. தால்ச்சாவையும் அச்சார் ஊறுகாயையும் வெறுமனே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டார். ஹலீமாவுக்கு அது பெரிய மனக்குறை. சமையலில் ஏதோ கோளாறு, அல்லது பெண்ணைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக் குமைந்தாள். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“பிரியாணி வாசம் வந்தா எனக்கு யாரோ மௌத்தாயிட்டாங்கன்னு தோணும்” என்றார் நெய்னா.

பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் வளர்ந்த விடுதி காலாங் ஆற்றுப் பக்கம் இருந்தது. ஒரு வீட்டில் யாராவது இறந்தால் நாற்பதாம் நாளிலும், வருடம் திரும்பும் நாளிலும் எத்தீம்களுக்குச் சோறு போடுவது வழக்கம். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டுப் பிரியாணி, மதியம் இன்னொரு வீட்டுப் பிரியாணி, அந்திக்கு மூன்றாவது வீட்டு நெய்ச்சோறு. வேண்டாம் என்று சொன்னால் கொடுப்பவர் மனம் நோகும். திங்கட்கிழமை விடுதியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். செவ்வாய்க்கிழமை ரொட்டியும் சார்டின் மீனும்.

சோற்றுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கொடுக்க வந்தவர் முதல் பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளை வரை ஒவ்வொரு தலையாகத் தடவிக்கொண்டே போவார். எத்தீமின் தலையைத் தடவினால் கையில் படும் முடிக்கு முடி நன்மை உண்டு என்பது நம்பிக்கை. சில கைகளில் நெய் வாடை இருக்கும். சில கைகள் தடவிக்கொண்டே பக்கத்தில் நிற்பவரோடு கடை வியாபாரம் பேசும்.

“அப்படித் தடவித் தடவியே போயிடுச்சு” என்று தன் தலையைக் காட்டினார். ஹலீமா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் எந்த நாவிதரையும் தலையில் எண்ணெய் வைத்துத் தட்ட அவர் விட்டதில்லை. கல்யாணமாகி வெகுநாள் வரை ஹலீமாவின் கையும் அங்கே போகக் கூடாது. பிறகு விட்டார், அதுவும் அவராகக் கேட்டால் மட்டும்.

அடுத்த வருடம் பரீதா பிறந்தாள். ஒரே பிள்ளை. நெய்னாவுக்கு மகள்மீது இருந்த பாசம் பெரும்பாலும் சுங்கை ரோட்டில்தான் வெளிப்பட்டது. சனிக்கிழமை தவறாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பழைய சாமான் சந்தைக்குப் போய்விடுவார். செத்த ரேடியோ, உடைந்த டெலிபோன், எதற்கென்றே தெரியாத கம்பிச் சுருள், இவற்றையெல்லாம் தகப்பனும் மகளும் குந்தியிருந்து புரட்டிப் பார்ப்பார்கள். எட்டு வயதிலேயே பரீதா விலை பேசுவாள். தேக்கா சந்தைக்குப் பின்னால் பஃபலோ ரோட்டில் அடுக்குமாடி வீடு கிடைத்துக் குடிபோனபோது, லாரியில் ஏறிய சாமான்களில் பாதி சுங்கை ரோட்டுச் சாமான்.

எண்பத்தாறில் அந்தக் குப்பையோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. யாரோ ஆபீசில் கழித்துப் போட்டது. கூடவே டெலிபோன் ரிசீவரைக் கவிழ்த்து வைக்க இரண்டு ரப்பர் குழிகள் உள்ள ஒரு பெட்டி. அதற்குப் பெயர் மோடம் என்றார் நெய்னா. அந்தப் பெட்டி வழியாக ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு டெலிபோனில் பேசுமாம். இங்கே எழுதி வைத்ததை எங்கிருந்தோ கூப்பிட்டுப் படிக்கலாமாம். சிங்கப்பூரில் பொடியன்கள் விளையாட்டுச் சங்கதிகளுக்காக இப்படி அறிவிப்புப் பலகை நடத்துவதாகக் கேள்விப்பட்டிருந்தார்.

“நான் விடுதிப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு நடத்தப் போறேன்” என்றார்.

ஹலீமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது, ஏனென்றால் வீட்டில் வேறு பேச்சே இல்லை. பலகையில் மூன்று பகுதி. முதல் பகுதியில் எந்த விடுதிக்கு எந்த நாள் சாப்பாடு ஏற்கெனவே வந்துவிட்டது என்ற விவரம். இரண்டாவது, ‘ஆள் தேவை’. செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் ஒரு பிள்ளையோடு போய் உட்கார ஆள் தேவை. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் தினத்துக்குப் போய் நிற்க ஆள் தேவை. மூன்றாவதில் பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் எங்கே, எப்படி வாங்குவது என்ற வழி. அதன் அடியில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகப்பன் பெயரை வகுப்பு முன்னால் நிறுத்திக் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது.

பலகையின் உச்சியில் மூன்று சட்டம் எழுதினார். பிள்ளைகளின் பெயரைக் கேட்கக் கூடாது. வரிசையில் நிறுத்தக் கூடாது. தலையைத் தடவக் கூடாது.

நெய்னா வளர்ந்த விடுதியின் கமிட்டிக்கு முதல் இரண்டு சட்டமே கசப்பு. மூன்றாவதைப் பார்த்துக் கொதித்துப் போனார்கள். மார்க்கத்தில் நன்மை என்று சொன்னதை வேண்டாம் என்று சொல்ல இவர் யார்? கமிட்டியில் கஃபாரும் இருந்தார். மச்சானிடம் நேரிலேயே வந்து சண்டை பிடித்தார்.

“அன்பாத் தடவுறது தப்பாலா?”

“அன்பாத் தடவுனா பிள்ளைக்குத் தெரியும், மச்சான். நன்மைக்குத் தடவுனாலும் தெரியும். நன்மை உங்களுக்கு, தலை எங்களுக்கு.”

மூன்றாவது சட்டத்தை எடுத்தால்தான் விடுதியின் பெயரைப் பலகையில் போடலாம் என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. நெய்னா எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் ஹலீமாவிடம் மட்டும், “என் பிள்ளைய யாரும் வரிசையில நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். நீங்கள் இருக்கும்போது யார் நிறுத்தப் போகிறார்கள் என்று அவள் சொன்னாள். சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான்.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் சின்னச் செய்தி வந்தது. ‘விடுதிப் பிள்ளைகளுக்கு உதவ விரும்புவோர் இந்த எண்ணைக் கூப்பிடவும்.’ எண் சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கூப்பிட வேண்டும் என்ற விஷயத்தைத்தான் பத்திரிகைக்காரர் விட்டுவிட்டார். காலையிலிருந்து மணி அடித்தது. அடித்ததும் ரிசீவரை எடுத்துப் பெட்டியில் கவிழ்ப்பதுதான் நெய்னா சொல்லிக் கொடுத்த முறை. ஜாலான் புசார் நகைக்கடைக்காரர், மார்க்கெட்டில் மீன் விற்பவர், பாசிர் ரிஸ் பக்கத்து டாக்ஸி டிரைவர் என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். எல்லோர் காதிலும் மோடம் கீச்சென்று கத்தியது.

கஃபாரும் கூப்பிட்டார். குரல் கேட்டு ஹலீமா ஓடிப்போய் ரிசீவரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி எடுத்தாள்.

“என்னலா அது? போன்ல பூனை மாட்டிக்கிச்சா?”

அன்றைக்குத் தொடங்கியது ஹலீமாவின் உத்தியோகம். மணி அடித்தால் முதலில் அவள் எடுப்பாள். எதிர்முனையில் சத்தமே இல்லையென்றால் கம்ப்யூட்டர். ரிசீவரைப் பெட்டியில் கவிழ்த்துவிடுவாள். இருமலோ ‘அலோ’வோ கேட்டால் மனிதர், திரையைப் பார்த்து வாசித்துச் சொல்வாள். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். ஆங்கில எழுத்தில் கிடந்த தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்தது. ‘செவ்வாய்க்கிழமை’யைக் கடந்து வருவதற்குள் சிலர் போனை வைத்துவிடுவார்கள். போகப் போக வேகம் பிடித்தது.

கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டவர்கள் சில பள்ளிக்கூட கம்ப்யூட்டர் மன்றங்களும், ராத்தூக்கம் இல்லாத சில கல்லூரிப் பையன்களும்தான். மற்றதெல்லாம் மனிதக் குரல். நவீன முறையில் பலகை நடத்தப் புறப்பட்ட நெய்னா, கடைசியில் பெண்டாட்டியின் தொண்டையை வைத்துத்தான் நடத்தினார். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஹலீமாவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை. முஸ்லிம்கள் அவளைப் பலகை லாத்தா என்றார்கள், மற்றவர்கள் பலகை அக்கா என்றார்கள். லாத்தா என்றாலும் அக்காதான்.

“இந்த ஞாயித்துக்கிழமை சாப்பாடு போடணும் லாத்தா, எங்க வாப்பாவுக்கு வருசம்.”

“ஞாயிறு ஃபுல். ரெண்டு பிரியாணி ஏற்கெனவே இருக்கு. புதன்கிழமை போடுங்களேன். இல்லாட்டி செவ்வாய்க்கிழமை பல் டாக்டருக்குக் கூடப் போக ஒரு ஆள் வேணும்.”

“பல் டாக்டருக்கா? அதுக்கு நன்மை உண்டா?”

“பல் வலிக்கிற பிள்ளைய கேட்டுப் பாருங்க.”

பெரும்பாலோர் புதன்கிழமைக்கு மாறிக்கொண்டார்கள். அபூர்வமாகச் சிலர் பல் டாக்டருக்கே போனார்கள். காத்தோங்கிலிருந்து சூசைநாதன் என்று ஒரு ஓய்வுபெற்ற கிளார்க், கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதிக்குத் தன் தாயார் நினைவாகக் கேக் கொடுக்கலாமா என்று கேட்கக் கூப்பிட்டவர். அவர் அதன்பிறகு எந்த மதத்துப் பிள்ளைக்குப் பல் வலி என்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருக்கே பாதிப் பல் கிடையாது. பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போக அதுவும் ஒரு காரணம்.

விடுதிப் பிள்ளைகளில் பெரியவர்கள் பள்ளிக்கூட மன்றத்திலிருந்து தாங்களே பலகையில் எழுதவும் தொடங்கினார்கள். பெயர் இருக்காது, விடுதியின் பெயர்கூட இருக்காது. ‘வெள்ளிக்கிழமை ஓட்டப் பந்தயம். பார்க்க ஒருவர் வந்தால் போதும்’ என்று ஒன்று வந்தது. அதை வாசித்த அன்று ஹலீமா அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள்.

எண்பத்தெட்டில், பரீதாவுக்குப் பதினான்கு வயது நடக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை வேலைக்குப் போன நெய்னா மய்யித்தாகத் திரும்பி வந்தார். பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை. சுவா சூ காங்கில் அடக்கம் ஆயிற்று. எல்லா வேலையும் கஃபார்தான் ஓடி ஓடிச் செய்தார். அழுதுகொண்டே செய்தார். அதைப் பொய்யென்று யாரும் சொல்ல முடியாது.

ஹலீமா இத்தாவில் அமர்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது. வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்த பெண்கள் ஹலீமாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், பிறகு திரும்பிப் பரீதாவைத் தேடினார்கள். “எத்தீமாயிட்டியேம்மா” என்று தலையைத் தடவினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர். சில பேர் போகும்போது இன்னொரு தரம் தடவினார்கள். பரீதா முதல் வாரம் பேசாமல் குனிந்து நின்றாள். இரண்டாம் வாரம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

“வந்தவங்க என்ன நினைப்பாங்க?” என்று ஹலீமா கண்டித்தாள்.

“வாப்பாவுக்கு ஏன் முடி கொட்டுச்சுன்னு இப்பத்தான் புரியுது உம்மா” என்றாள் பரீதா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

இந்த இரண்டு வருடமாக ஹலீமா பலகையில் வாசித்த பிள்ளைகளெல்லாம் யாரோ பெற்ற பிள்ளைகள். இப்போது அந்த வார்த்தை தன் வீட்டுக்குள் வந்து தன் மகள்மேல் உட்கார்ந்துகொண்டது. இனி எங்கே போனாலும் இவளைப் பார்த்தால் பரீதா என்று சொல்ல மாட்டார்கள், கணக்கில் கெட்டி என்று சொல்ல மாட்டார்கள். எத்தீம் என்றுதான் சொல்வார்கள். இந்தப் பிள்ளையை அந்த வரிசையில் நிற்கவிடக் கூடாது. நெய்னா கேட்டது அது ஒன்றுதான்.

பலகை நிற்கவில்லை. பரீதா உம்மாவுக்கு ஒற்றை விரலால் தட்டச் சொல்லிக் கொடுத்தாள். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆண்களோடு போனில் பேசலாமா என்று உறவில் முணுமுணுப்பு எழுந்தது. ஹலீமாவுக்கும் மனதில் உறுத்தல். யாரிடம் கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் லெப்பையே கூப்பிட்டார், எந்த விடுதிக்கு வெள்ளிக்கிழமை சாப்பாடு இல்லை என்று கேட்க. வாசித்துச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, “நான் இப்படிப் பேசலாமா லெப்பை?” என்று கேட்டாள்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. கம்ப்யூட்டரோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

“நீங்க பேசலேன்னா நான் யார்கிட்ட கேக்குறது?” என்றார் லெப்பை. “தேவைக்கு மட்டும் பேசுங்க. சிரிக்காதீங்க.”

சிரிக்கும்படி அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

நாற்பதாம் நாள் நெருங்கியது. கஃபார் வந்து உட்கார்ந்து திட்டத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, மச்சான் வளர்ந்த அதே விடுதியில், மூன்று ஆடு. பத்திரிகையிலிருந்து போட்டோ பிடிக்க ஆள் வருகிறார். பரீதா முன்னால் நின்று முதல் தட்டைக் கொடுக்க வேண்டும். எத்தீம் பிள்ளை எத்தீம்களுக்குக் கொடுக்கிறது என்றால் பார்க்கிறவர்கள் கண் கலங்கிவிடும்.

அவர் கண் அப்போதே கலங்கியிருந்தது. ஹலீமா எழுந்துபோய்த் திரையைப் பார்த்தாள்.

“அந்த ஞாயிறு ஃபுல், காக்கா.”

“என்னது?”

“ரெண்டு பிரியாணி, ஒரு நெய்ச்சோறு ஏற்கெனவே இருக்கு.”

“என் மச்சானுக்கு இடமில்லையா? அவன் வளர்ந்த எடத்துலயே?”

“அவர் வச்ச முறைதான். பரீதாவும் வர மாட்டா.”

“அவளை யாருலா கேட்டா?”

“நான் கேட்டேன்” என்றாள் ஹலீமா. கேட்கவில்லை. கேட்க அவசியமும் இல்லை.

கஃபார் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. உனக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள், நல்லது செய்ய வந்தவனை வாசலில் நிறுத்துகிறாயே என்றார். சொல்லிவிட்டு மாடிப்படி அதிர இறங்கிப் போனார். அதற்குப் பிறகு மீனும் காய்கறியும் ஆள் மூலம் வந்தன, அவர் வரவில்லை. நாற்பதாம் நாள் சாப்பாட்டை வேறொரு இடத்தில் போட்டார் என்று கேள்விப்பட்டாள். வீட்டில் ஹலீமா குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினாள், பரீதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சொன்னது உண்மைதான். அவளுக்கு வேறு யாரும் இல்லை. இரவில் படுக்கும்போது அந்தப் பயம் வந்து கூடவே படுத்துக்கொண்டது.

பரீதா அதிகம் பேசுவதை விட்டுவிட்டாள். சனிக்கிழமை வந்தால் அலமாரியிலிருந்து கம்பிச் சுருள்களை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப எடுத்து வைப்பாள். தனியாகச் சுங்கை ரோட்டுக்குப் போக ஹலீமா விடமாட்டாள். அந்தக் கூட்டத்தில் வயசுப் பெண்ணை எப்படி அனுப்புவது? கூட்டிக்கொண்டு போக இத்தா விடாது. போகட்டுமா என்று அவளும் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை மணி அடித்தது. ஹலீமா எடுத்தாள். தொண்டையைச் செருமுகிற சத்தம். அந்தச் செருமலை அவள் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறாள்.

“பலகைங்களா?” என்றார் கஃபார், முன்பின் தெரியாதவர் மாதிரி. “இந்த வாரம் என்ன தேவைன்னு கொஞ்சம் வாசிக்கிறீங்களா?”

தங்கச்சி வீட்டுக்குக் கூப்பிட அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பலகைக்குக் கூப்பிட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே எண்தான். ஹலீமாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. லெப்பை சொன்னதை நினைத்து இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

“வாசிக்கிறேங்க. ஞாயிறு, திங்கள் சாப்பாடு ஃபுல். புதன் காலி.”

“சாப்பாடு வேணாம். வேற?”

ஹலீமா ‘ஆள் தேவை’ பக்கத்துக்குத் திருப்பினாள். அன்று மதியம் பள்ளிக்கூட மன்றங்களிலிருந்து புதிதாகச் சில வந்திருந்தன. அவளே இன்னும் படித்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கண் டாக்டர். வெள்ளிக்கிழமை ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்க. மூன்றாவதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.

“சனிக்கிழமை காலை. சுங்கை ரோடு சந்தைக்குக் கூட வர ஒரு ஆள் தேவை. ஒன்றும் வாங்கித் தர வேண்டாம்...”

நிறுத்திவிட்டாள்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

அடுத்த வரி திரையில் இருந்தது. ஹலீமா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கமிட்டி எடுக்கச் சொல்லி நெய்னா எடுத்த வரி. அதற்குப் பிறகு பலகையில் அது இருந்ததில்லை. இந்த ஊரில் அது தெரிந்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. உம்மாவிடம் கேட்க முடியாததை, மாமாவிடம் கேட்க முடியாததை, தன் பள்ளிக்கூட மன்றத்திலிருந்து, பெயர் போடாமல், எல்லா எத்தீம் பிள்ளைகளையும்போல வாப்பாவின் பலகையில் கேட்டிருக்கிறது.

இதை வாசிக்காமல் தாண்டிப் போய்விடலாம். ‘காக்கா, இது நம்ம பரீதா’ என்று சொல்லியும் விடலாம். சொன்னால் அடுத்த நிமிடமே அவர் ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுவார், தெருவெல்லாம் சொல்வார். ஹலீமா இரண்டையும் செய்யவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வாசித்த அதே குரலில் வாசித்தாள்.

“தலையைத் தடவக் கூடாது.”

மச்சானோடு போட்ட சண்டையில் அந்த வரிக்காகத் தான் கொதித்தது கஃபாருக்கு மறந்திருக்காது.

“யாரு பிள்ள?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“பேர் சொல்ற வழக்கம் இல்லைங்க.”

மறுபடி செருமினார்.

“சரிம்மா. எத்தன மணிக்குன்னு போட்டிருக்கு?”

மணியைச் சொன்னாள். போனை வைத்தார். ஹலீமா அந்த வரிக்குப் பக்கத்தில் ‘ஆள் கிடைத்தாயிற்று’ என்று ஒற்றை விரலால் தட்டினாள். தட்டி முடிக்க வெகுநேரம் ஆனது, ஏனென்றால் எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன.

சனிக்கிழமை காலை பரீதா பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். மன்றத்தில் வேலை இருக்கிறது என்றாள். ஹலீமா சரி என்றாள். சன்னலுக்குப் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, மகள் பஃபலோ ரோட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். அன்று காலை முழுக்க வந்த அழைப்புகளுக்கு அவள் என்ன வாசித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மதியத் தொழுகைக்கு முன்னால் பரீதா திரும்பினாள். சுங்கை ரோட்டுத் தூசி காலில் ஒட்டியிருந்தது. பையிலிருந்து ஒரு பழைய டெலிபோன் டயலை எடுத்து மேசைமேல் வைத்தாள். விலை பேசி வாங்கியதாம், தன் கைக்காசில்.

“அங்க மாமாவைப் பார்த்தேன் உம்மா” என்றாள். “சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னாரு. கூடவே நடந்தாரு. ஒண்ணும் வாங்கித் தரல. எத்தீம்னு ஒரு வார்த்தை சொல்லல. சனிக்கிழமை சனிக்கிழமை இந்தப் பக்கம் வேலை இருக்கும்னாரு.”

ஹலீமா டயலை எடுத்துச் சுற்றிவிட்டாள். அது கடகடவென்று திரும்பி வந்தது. பலகையில் எழுதியதைப் பரீதா சொல்லவில்லை; வாசித்ததை ஹலீமாவும் சொல்லவில்லை.

“வேற என்ன பேசினாரு?”

“ஒண்ணும் பேசல. ஆனா உம்மா, ஏதோ மாதிரி இருந்தாரு. அவ்வளவு கூட்டத்துலயும் ரெண்டு கையையும் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள்ளயே விட்டுக்கிட்டு நடந்தாரு. ரோடு தாண்டும்போதுகூட எடுக்கல.”

பரீதா சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாப்பா போன பிறகு முதல் தடவை. ஹலீமா மகளின் தலையை நோக்கிப் போன தன் கையை இழுத்துக்கொண்டாள்.

பரீதா அதைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து உட்கார்ந்து, தலையைத் தானாகச் சாய்த்து, “நீங்க தடவலாம்” என்றாள்.